முப்பதாம் தேதிக்குள் மூன்று சம்மதம்

நவம்பர் 3, ஃபியோரானோ (எங்கள் ஊர்)

ஒன்பது மணிக்குக் கிளம்புவதாக இருந்தது. பதினொன்றே காலுக்குத்தான் வண்டி நகர்ந்தது. வீட்டைப் பூட்டினோமா என்று பார்க்க அம்மா மூன்று முறை இறங்கிப் போனாள். மூன்றாவது முறை வெகுநேரம் வரவில்லை. திரும்பியபோது கையில் முட்டைக்கோஸ் இருந்தது. "அழுகிப் போயிடும்ல," என்றாள்.

வண்டி ஆறு மீட்டர் நீளம். அடுப்பு, மேசை, கழிவறை எல்லாம் உண்டு. பின்னால் அப்பா அம்மாவின் கட்டில். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு பலகை, அதுதான் என் படுக்கை. எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

வீட்டை விற்றுவிட்டு இதிலேயே குடியிருக்க வேண்டும் என்பது அப்பாவின் பத்து வருடக் கனவு. வாங்க ஆளும் வந்தாயிற்று. மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி, இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் இந்தச் சோதனை ஓட்டம். "நவம்பரத் தாங்கிட்டோம்னா பன்னெண்டு மாசத்தையும் தாங்கலாம். மூணு பேரும் சரின்னாத்தான் விக்கிறது. ஒருத்தர் வேணாம்னாலும் விக்கிறதில்ல," என்று, தான் வேலை பார்த்த ஓடு ஆலையின் சங்கக் கூட்டத்தில் பேசுவது போல அப்பா அறிவித்தார்.

அம்மா, "பாப்போம்," என்றாள்.

நான், "உங்க இஷ்டம்," என்றேன். இருபத்தைந்து வருடமாக நான் சொல்லும் பதில் அதுதான்.

நவம்பர் 5, கொமாக்கியோ

மூடுபனி. கால்வாய் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. விலாங்கு மீன் சுடும் வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்து கடையைக் கண்டுபிடித்தோம்.

மாலை அம்மா மடக்கு நாற்காலியை எடுத்து வெளியே போட்டாள். அப்பா பதறிவிட்டார்.

"நீவெஸ்! உள்ள எடு! சக்கரம் மட்டும் தரையத் தொட்டா வண்டி நிறுத்தியிருக்கோம்னு அர்த்தம். நாற்காலி தொட்டா கூடாரம் அடிச்சிருக்கோம்னு அர்த்தம். அபராதம் போடுவான்."

"என் காலு தரையத் தொட்டா?"

"நீ நின்னா பரவால்ல. ஒக்காரக் கூடாது."

அம்மா நின்றுகொண்டே காப்பி குடித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமா, சிரிப்பா? கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த மாதம் முழுக்க அவள் முகத்தைத்தான் படிக்கப்போகிறேன் போலிருக்கிறது. அப்பாவின் பதில் தெரிந்ததுதானே. அவளுடையது தெரியாது.

நவம்பர் 6

மழை. மூன்று பேர், ஆறு மீட்டர், ஒன்பது ஈரக் காலுறைகள். ஒன்பதாவது யாருடையது?

நவம்பர் 9, நுமானா

கோடை ஊர். நவம்பரில் ஆளில்லை. கடற்கரைக் கடைகள் எல்லாம் பலகை அடித்துக் கிடக்கின்றன. இதுவரை மண்ணும் செங்கல்லும்தான் வந்துகொண்டிருந்தன, இங்கே திடீரென்று வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை கடலுக்குள் இறங்குகிறது. ஒரு கூழாங்கல்லை முட்டை அட்டையில் வைத்து ஊர்ப்பெயர் எழுதினேன். நிலவியலில் பட்டம் வாங்கிய இந்த ஒன்றரை வருடத்தில் அந்தப் படிப்பு எனக்குச் செய்துதரும் வேலை இதுதான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய் வாயைத் திறக்காமல் திரும்பி வந்தவள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

புதிதாக ஒன்று கவனித்தேன். தினமும் மாலை ஐந்து மணிக்கு அப்பா தொலைபேசியோடு வெளியே போகிறார். மழையென்றாலும் போகிறார். பத்து நிமிடம். யாரிடமோ பேசிவிட்டு வருகிறார். யாரிடம்? வீடு வாங்குகிறவர்களிடமா? அப்படியென்றால் ஏன் எங்களுக்குக் கேட்காமல்?

நவம்பர் 11, மார்ட்டின் திருநாள், வாஸ்தோ

வெயில். மார்ட்டின் கோடை என்று சொல்வது இதைத்தான். பக்கத்து வண்டிக்காரர்கள் கஷ்கொட்டை வறுத்துப் புது ஒயினோடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டாவது கோப்பையில் அம்மா பேச ஆரம்பித்தாள். இதற்கு முன் நான் கேட்டதில்லை. அம்மாவின் அப்பா குத்தகை விவசாயி. எங்கள் பக்கத்தில் குத்தகை முடிவது இந்த நாளில்தான். நிலக்காரர் வேண்டாம் என்றால் அன்றைக்கே சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணை தேடிப் போக வேண்டும். வீடு மாறுவதையே எங்கள் ஊரில் ‘மார்ட்டின் செய்வது’ என்பார்கள். பத்து வயதுக்குள் அம்மா மூன்று மார்ட்டின் செய்திருக்கிறாள். மூன்றாவது முறை மழையில் கோழிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் மேல் உட்கார்ந்து போனாளாம்.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எனக்குன்னு ஒரு வீடு, அதுக்கு ஒரு சாவி, சாவி என் பையில."

அப்பா கஷ்கொட்டையை உரித்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. தன் கனவு முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ? நான் அப்படித்தான் நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. என் அறை எனக்கே இருக்கும். இதை இங்கே எழுதலாம், வெளியே சொல்ல முடியாது.

நவம்பர் 14, திரானி

பதினெட்டு பாகை வெயில். சாலையோரம் ஒலிவ மரங்களுக்கு அடியில் வலை விரித்து உலுக்குகிறார்கள். ஊரே ஒரே கல்லால் ஆனது, பழைய பல்லின் நிறம். கேஸ் தீர்ந்துபோய்த் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடையில் புது சிலிண்டர் வாங்கினோம்.

நவம்பர் 15

இன்று முதல் மலைச்சாலையில் போகிற வண்டியில், சக்கரம் வழுக்காமல் மாட்டுகிற பனிச்சங்கிலி இருந்தாக வேண்டும். அப்பா மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் இரண்டு சங்கிலிதான்.

நவம்பர் 18, கப்ரகோத்தா

கடலை விட்டு ஆயிரத்து நானூறு மீட்டர் மேலே வந்திருக்கிறோம். எல்லாம் அப்பாவின் பிடிவாதம். "பனி பாக்காத சோதனை என்ன சோதனை?" நாங்கள் வந்து சேர்ந்த அரை மணியில், அழைத்தது போலப் பனி வந்தது.

நவம்பர் 19

மூச்சு வெள்ளையாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே விழித்தேன், வண்டிக்குள்ளேயே. அடுப்பு பற்றவில்லை. சூடாக்கி அணைந்து கிடந்தது. குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. அப்பா வெளியே ஓடினார். வண்டிக்கு அடியில் பெரிய பனிக்கட்டி.

"தொட்டி ஓட்ட! போச்சு, எல்லாம் போச்சு!" என்று பனியில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் தலையை விட்டார். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போய் யாரையாவது கேளு," என்றாள் என்னிடம்.

"நானா?"

"வேற யாரு, முட்டைக்கோஸா?"

சதுக்கத்தில் திறந்திருந்தது ஒரே காப்பிக் கடை. ‘கேஸ் எங்கே கிடைக்கும்’ என்ற வாக்கியத்தை வழியில் நான்கு முறை சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனதும் சீட்டாடிக்கொண்டிருந்த மூன்று கிழவர்கள் திரும்பினார்கள். வாக்கியம் போய்விட்டது.

கடைக்காரப் பெண்மணி அஸுன்தா, அறுபது வயதிருக்கும், என் உதட்டைப் பார்த்தார். "ஏம்மா, நீலமா இருக்கே. முதல்ல இதக் குடி. அப்புறம் பேசு." குடித்தேன். சொன்னேன். எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன், தண்ணீர், பனிக்கட்டி, அப்பாவின் கால்கள்.

"சிலிண்டர் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார் அஸுன்தா.

"கீழ... கடற்கரைல."

மூன்று கிழவர்களும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"அது கடலோரத்துக் கேஸும்மா, வெயிலுக்குன்னு நிரப்பறது. குளிர்ல மேல வராது, சிலிண்டர்லயே படுத்துத் தூங்கும். அது தூங்கவும் சூடாக்கி நின்னுருச்சு, சூடாக்கி நிக்கவும் வெந்நீர்த் தொட்டி வாயத் தொறந்து தண்ணியக் கொட்டிருச்சு, கொழாய் ஒறஞ்சு வெடிக்கக் கூடாதுல்ல. ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. வருசத்துக்கு ரெண்டு வண்டி இப்படி வரும். ரெண்டும் வடக்க உங்க ஊர்ப் பக்கத்து வண்டிதான்," என்றார் அஸுன்தா.

பூஜ்யம் பாகையில் பியூட்டேன் வாயு ஆவியாகாது! முதலாண்டு வேதியியலில் இதையே எழுதி முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கியவள் நான். ஐந்து நாளாக அந்தச் சிலிண்டரின் மேல் கால் வைத்துக்கொண்டு கற்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மலைக்கான சிலிண்டரோடு திரும்பி விஷயத்தைச் சொன்னேன். அப்பா பனியிலிருந்து எழவே இல்லை. அம்மா விளக்கைக் கீழே போட்டுவிட்டு, வண்டியின் பக்கத்தில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நவம்பர் 20

சாலையை மூடிவிட்டார்கள். கடையில் அந்த மூன்று பேருக்கும் நான்காவது ஆள் தேவைப்பட்டது. அப்பா உட்கார்ந்தார்.

"ஏய் வடக்கத்திக்காரா, அங்கல்லாம் சீட்ட இப்படியா பிடிப்பீங்க, கல்யாணப் பத்திரிகை மாதிரி?"

"பேசாதடா, போடு!" என்று மேசையை அறைந்தார் அப்பா. முன்பின் தெரியாத ஒரு கிழவரை ‘டா’ என்கிறார்! காது சிவந்திருந்தது. கிளம்பிய நாளிலிருந்து அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு எழுந்து வெளியே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை, கேட்டது.

"வய்னேர், நான்தான். இன்னிக்கு என் எடத்துல யாரு ஒக்காந்திருக்கா? ...அவனா? அவனுக்குத் துருப்பே எண்ணத் தெரியாதேடா."

ஆக, வீடு வாங்குகிறவர்கள் இல்லை. எங்கள் தெருமுனைக் காப்பிக் கடையிலுள்ள சீட்டு மேசையைத்தான் பதினேழு நாளாகத் தினமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 21

சாலை திறந்தது. குறுகிய வளைவில் எதிரே பனி அள்ளும் வண்டி. பின்னால் போக வேண்டும், அறுபது மீட்டர். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. அப்பா ஒரு அடி பின்னால் எடுத்துவிட்டு மறுபடி பிரேக்கை அழுத்தினார்.

"எறங்கு லோரிஸ்," என்றாள் அம்மா.

"நீ வண்டி ஓட்டி இருபது வருசமாச்சு!"

"ஆலைல இருபத்தாறு வருசம் பாரந்தூக்கி வண்டி ஓட்டுனவ நான். முன்னால போனத விட பின்னால போனதுதான் ஜாஸ்தி. எறங்கு."

இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஒரே இழுப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். பனிவண்டிக்காரர் தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார். அதன்பிறகு இடம் மாறவில்லை. மலையிறங்கும் வரை அம்மாதான் ஓட்டினாள்.

நவம்பர் 25, மாத்தேராவுக்கு அருகில்

அம்மா இன்று மேசையில் ரொட்டி அறுத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குச் சம்மதம். வித்துடலாம்."

தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கத்தி நின்றது. "என்ன?"

"அப்பல்லாம் போன்னு இன்னொருத்தன் சொன்னான், போனோம். இப்ப நானே கிளம்பறேன், நானே ஓட்டறேன். இது வேற. இது எனக்குப் புடிச்சிருக்கு."

"நல்லது," என்றார் அப்பா. "ரொம்ப நல்லது." பிறகு நடக்கப் போகிறேன் என்று மழையில் இறங்கினார். மணி இரண்டுதான் ஆகியிருந்தது.

அவரால் சொல்ல முடியாது. எப்படிச் சொல்வார்? பத்து வருடம் வீட்டிலும் கடையிலும் ஆலையிலும் இதையேதான் பேசியிருக்கிறார். இப்போது போய் ‘எனக்கு அந்தச் சீட்டு மேசைல என் நாற்காலி வேணும்’ என்று எப்படி? சொல்லவே மாட்டார். விற்றுவிடுவார். விற்றுவிட்டு ஏதோ ஒரு ஊரில் ஐந்து மணிக்கு மழையில் நின்னுட்டு... ஐயோ, எனக்கு மட்டும் எதுக்கு இதெல்லாம் கண்ணுல படுது? பாத்துத் தொலச்சாச்சு. பாத்தவ சும்மா இருக்கலாமா?

மிச்சமிருப்பது என் சம்மதம்.

நவம்பர் 27

எனக்கு என்ன வேண்டும்? யாரும் கேட்கவில்லை, நானும்தான். அந்த அறை வேண்டுமா? அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளவா? கல் பொறுக்குவது பிடித்திருக்கிறது. நாளைக்கு எந்த ஊர் என்று தெரியாமல் தூங்குவது பிடித்திருக்கிறது. ஆனால் வீடு போகக் கூடாது. இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருக்கும்?

நவம்பர் 30

காலை. அப்பா தொலைபேசியை மேசையில் வைத்தார். "நான் சரி. நீவெஸ் சரி. நீ?"

"வேணாம்ப்பா."

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"எனக்கு விக்க இஷ்டமில்ல. வீடு இருக்கணும்." வாயைத் திறந்தே விட்டேன். பாதி அப்பாவுக்காகச் சொன்னேன். பாதி எனக்காகவும் இருக்கலாம். இன்னும் தெரியவில்லை.

"ஒருத்தர் வேணாம்னா விக்கிறதில்லன்னு சொல்லியாச்சு," என்றார் அப்பா, மிக வேகமாக. பாரம் இறக்கியது போல அவர் தோள்கள் இரண்டும் தளர்ந்தன. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இந்த முறை அவள் முகம் எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"சரி, வீடு இருக்கட்டும். ஆனா வண்டியும் நிக்காது. நான் தெக்க போறேன்," என்றாள்.

அப்பாவே வீடு வாங்குகிறவர்களை அழைத்தார். "நாங்க ரெண்டு பேரும் தயாராத்தாங்க இருந்தோம். பொண்ணுதான் பிடிவாதம். என்ன பண்றது, படிச்ச புள்ள." இவ்வளவு மகிழ்ச்சியாக யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

டிசம்பர் 1, ஃபோஜ்ஜா ரயில் நிலையம்

"ஒரு வாரந்தான். வீட்டச் சூடாக்கி வெக்கணும், கொழாய் ஒறஞ்சிரும்," என்றார் அப்பா. இதை எங்களிடம் ஐந்து முறை சொன்னார், பயணச்சீட்டு கொடுத்தவரிடம் ஒரு முறை. அம்மா அவர் கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். ரயில் நகரும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை ஐந்துக்குள் ஊர் போய்ச் சேரும் ரயில்.

டிசம்பர் 9, ஒத்ராந்தோ

பக்கத்து வண்டியில் ஒரு ஜெர்மன் கிழவர், அவர் மனைவி வெரோனாக்காரி. அந்த அம்மாள் எலுமிச்சை கேட்டு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்க ரெண்டு பேர் மட்டுமா? வீட்டுக்காரர் வரலையா?"

"வீட்ல இருக்காரு."

"ஐயோ பாவம். உடம்பு சரியில்லையா?"

"இல்லியே," என்றாள் அம்மா, எலுமிச்சையைக் கொடுத்துக்கொண்டே. "சந்தோசமா இருக்காரு."

அந்த அம்மாள் போனதும் அம்மா வரைபடத்தை விரித்தாள். "நாளைக்கு எங்க?"

தெற்கே, கடலோரம், சிவப்பு மண் சுரங்கம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது, நடுவில் பச்சைக் குளம். படித்ததுண்டு, பார்த்ததில்லை. விரலை அங்கே வைத்தேன்.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போகிற வழியில் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.