நாகம் வரும் அடையாளங்கள்

பதுளை,
2025 ஒக்டோபர் 14, செவ்வாய்,
காலை 6.40.
என் மேசையில் உங்கள் புத்தகம் ஒன்று. உன் களஞ்சியத்தில் இன்னும் ஐந்நூற்றுப் பதினைந்து.

அன்பின் ஷிராஸ்,

நீயும் வீட்டாரும் மகள் பஹ்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். வட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். நீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, புத்தகத்தையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

போன வாரம் இரண்டு விசயம் கேட்டிருந்தாய். ஒன்று, வாசிப்பறையில் பிள்ளைகள் உங்கள் பதிப்பகம் கொடுத்த புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரிப் படங்கள். இரண்டு, அடுத்த தொகுதிக்கு நல்ல கதைப் புத்தகங்களும் அறிவுப் புத்தகங்களும் தெரிவு செய்ய என் ஆலோசனை. படம் கிடையாது. ஆலோசனை தருகிறேன், கேள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். மடுல்சீமைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் மூன்றாம் தேதி பின்னேரம் மண்சரிந்து மலை இறங்கியது. பத்திரிகையில் நாலு வரி வந்தது, பார்த்திருப்பாய். லயத்துக் குடியிருப்பின் கடைசிக் காம்பராக்கள் போய்விட்டன. மழை என்று கொழுந்து மலையிலிருந்து ஆட்களை நேரத்தோடு விட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிய மாரியாயி அக்கா மண்ணுக்குள் போனார். புருசன் வீரய்யா அண்ணன் பசறையில் வேலையில் இருந்ததால் தப்பினார். மகள் தனுஜா, பதினொரு வயது, அந்த நேரம் காமிலா டீச்சரின் வாசிப்பறையில் இருந்தாள். ஆமாம், நீங்கள் புத்தகம் கொடுத்த அதே அறைதான்.

என் வேலை உனக்குத் தெரியும். மண்சரிந்த இடத்தை அளப்பது, வெடிப்புகளைக் குறிப்பது, முன்னால் என்ன தெரிந்தது என்று ஆட்களை விசாரிப்பது. மூன்றாம் நாள் அங்கே போனேன். பெரியவர்கள் ஒன்றும் தெரியாது, திடீரென்று வந்தது என்றார்கள். வழக்கமாக எல்லாரும் சொல்வதுதான். பிறகு இந்தப் பிள்ளையிடம் கேட்டேன். மனப்பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னாள்: "தரையில வெடிப்பு வந்துச்சு சேர். கதவு சாத்த முடியல. ஊத்துப் பீலியில தண்ணி கலங்கி வந்துச்சு. மேல உள்ள சவுக்கு மரம் சாஞ்சுச்சு."

எங்கள் பயிற்சியில் சொல்லித் தருகிற அதே அடையாளங்கள், அதே வரிசையில். ஒன்றும் விடவில்லை.

எனக்குப் பொறுமை குறைவு என்று உனக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தும் ஏன் வீட்டிலேயே இருந்தீர்கள் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அது நாகம் வர்றதுக்குத்தானே சேர்? புத்தகத்துல இருக்கு" என்றாள்.

உன் புத்தகம். இருபத்து மூன்றாம் பக்கம். நான் அடையாளத் தாள் வைத்திருக்கிறேன், திறந்து பார். தலைப்பு: 'நாகம் வருவதற்கு முன் தென்படும் அடையாளங்கள்'. கீழே வெடித்த சுவரின் படம். அதற்குக் கீழே நிலவெடிப்பு, இறுகிய கதவு, கலங்கிய ஊற்று, சாய்ந்த மரம். கடைசி வரி: 'இவற்றைக் கண்டால் உடனே பெரியவர்களுக்கு அறிவிக்கவும்.'

சிங்களத்தில் மண்சரிவு 'நாய'. நாகபாம்பு 'நயா'. நெடில் இடம் மாறினால் மலை பாம்பாகிவிடுகிறது. யார் மொழிபெயர்த்தது? புத்தகத்தில் பெயர் இல்லை. மெஷினில் போட்டு எடுத்திருப்பீர்கள். உனக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு, ஷிராஸ். இந்தப் பக்கத்தை ஒரு தடவை வாசித்திருந்தால் பிடித்திருப்பாய். நீ வாசிக்கவில்லை. உன் ஒப்பீசில் ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்தது ஒரே ஆள், தனுஜா.

அவள் புத்தகம் சொன்னபடி பெரியவர்களுக்கு அறிவித்தாள். தாய் நம்பினார். அந்தப் பிள்ளை படித்துச் சொன்னால் நம்புகிற தாய் அவர். "நாகம்மா வந்தா வந்துட்டுப் போகட்டும், நம்மள ஒண்ணும் செய்யாது" என்று வெடிப்பை மண் குழைத்து அடைத்திருக்கிறார். அதன் மேல் மஞ்சள் தெளித்து, ஒரு சிரட்டையில் பாலும் முட்டையும் வைத்திருக்கிறார். வீரய்யா அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாலெல்லாம் வச்சோமே தம்பி" என்றார்.

எங்கள் காரியாலயமும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. அந்தத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் வாசலில் நாங்கள் நட்ட எச்சரிக்கைப் பலகையில் சிங்களம் மட்டும்தான். அதற்கு உள்ளே இருந்து சண்டை பிடிக்கிறேன். ஆனால் எங்கள் பலகையை அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. உங்கள் புத்தகத்தை வாசித்தார்கள். அதனால்தான் அது மோசம்.

இனி நீ கேட்ட ஆலோசனை. கதைப் புத்தகத்தில் நாகம் பேசலாம், பறக்கலாம், பசறை பஸ்ஸில் டிக்கட் எடுக்கலாம். பிள்ளைக்கு அது கதை என்று தெரியும். அறிவுப் புத்தகத்தை அவள் கதை என்று எடுக்கமாட்டாள். அதை நம்பித்தான் நடப்பாள். அதை அச்சடிக்க முன்பு விசயம் தெரிந்த ஒருவன் பார்க்க வேண்டும். பிறகு அந்த இடத்துப் பிள்ளை ஒன்று சத்தமாக வாசிக்க, பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். வாசித்து முடித்ததும், இப்போது நீ என்ன செய்வாய் என்று கேட்க வேண்டும். பாலும் முட்டையும் என்று அவள் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் கதைப் புத்தகங்களும் அப்படியொன்றும் விசேசமில்லை. பாதி, பனியில் சறுக்கி விளையாடும் பிள்ளைகள். ஒன்றில் கொழும்பு வீட்டில் வேலை செய்யும் தோட்டத்துப் பெண் வருகிறாள். சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள், அதுதான் பகிடி. எங்கள் பிள்ளைகளும் சிரித்தார்கள். மறுநாள், தாய் கொழும்பில் வேலை செய்கிற ஒரு பிள்ளையை அந்தக் கதைப் பெண்ணின் பெயரால் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது வாசிப்பறைப் பக்கம் வருவதில்லை. நல்ல நீதி உள்ள கதை என்று பின்னட்டையில் போட்டிருக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்று நல்லது. பஸ்ஸில் ஏற மறுக்கும் ஆட்டின் கதை. அதில் நீதி இல்லை, ஒருவரும் திருந்தவில்லை. அட்டை கிழிந்து, தையல் விட்டு, பக்கம் பக்கமாகக் கைமாறுகிறது. "ஆட்டுப் புத்தகம் ஏன் ஒண்ணுதான் அனுப்புனாங்க, கஞ்சப் பசங்க" என்று டீச்சரிடம் ஒரு பொடியன் கேட்டானாம். உங்கள் தெரிவுக் குழுவில் அவனைச் சேர்.

சனிக்கிழமை இதே பாம்புப் புத்தகத்தை உங்கள் லொறி பூனாகலைப் பக்கம் கொண்டுபோகிறது என்று காமிலா டீச்சர் சொன்னார். அங்கே மழை தொடங்கிவிட்டது. நான் அங்கேயும் வெடிப்புகள் குறித்திருக்கிறேன். அங்கேயும் வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். லொறியை நிறுத்து. பிழைதிருத்தம் என்று துண்டுக் காகிதம் ஒட்டி அனுப்பலாமா என்று கேட்காதே. நிறுத்து.

இனி நான் செய்யப் போவது:

1. இன்றைக்கே டீச்சரோடு பசறைப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், கொடுத்த பிரதிகள் எல்லாவற்றையும் திரும்ப எடுப்பேன்.

2. அந்தப் பக்கத்தை நானே புதிதாக எழுதுவேன். 'மலை இறங்கப் போகிறது, பாயைச் சுருட்டாதே, சட்டி பானையைப் பார்க்காதே, ஓடு' என்று தொடங்கும். உங்கள் ஆசிரியர் குழு இலக்கணம் பார்க்கட்டும், கருத்தில் கைவைக்க வேண்டாம்.

3. சனிக்கிழமை லொறி வந்தால் பண்டாரவளையில் முன்னால் நிற்பேன். சாரதி நல்ல மனுசன், அவரோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு பெட்டியும் இறங்காது.

4. தனுஜாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "அப்போ பாம்பு வரலையா சேர்?" என்று கேட்டாள். பிறகு, "நான் பிழையா வாசிச்சிட்டேனா?" என்றாள். அன்றிலிருந்து ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. பொய் சொன்னால் அடுத்த வெடிப்பிலும் பால் வைப்பாள். உண்மையைச் சொன்னால், தாய் தன் பேச்சை நம்பித்தான் வீட்டிலேயே இருந்தார் என்று அவளே கண்டுபிடித்துவிடுவாள். வெடிப்பை எனக்கு மில்லிமீற்றரில் அளக்கத் தெரியும், இது தெரியாது. பிள்ளைகளுக்கு எழுதுவது உன் தொழில். அவள் சரியாகத்தான் வாசித்தாள் என்பதை, அவள் தாங்குகிற மாதிரி ஒரு வசனமாக்கிக்கொண்டு நீ வா. வரும்வரை நான் அவளிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். சீக்கிரம் வா, மச்சான்.

இப்படிக்கு,
தினேஸ்