பன்னிரண்டாவது கோப்பு

சாங்வொன், மார்ச் 4

அன்பு இன்சொன் அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. கைபேசியையும் கணினியையும் போலீஸ் கொண்டுபோய்விட்டதால் தாளில் எழுதுகிறேன். செவ்வாயன்று நம் ஆலையில் தகடு அழுத்தும் மூன்றாம் பிரஸ் பொறி, அதை ஓட்டும் பான்சொக் அண்ணனின் இரண்டு கைகளையும் முழங்கை வரை நசுக்கிவிட்டது. சிக்கிய தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார். பாதுகாப்புக்கு வைத்த ஒளித்திரை கையைக் கண்டு பொறியை நிறுத்தியது. நின்ற பொறி, யாரும் பொத்தானைத் தொடாமலே மறுபடி இறங்கியது. அவர் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் அவர் மனைவி அலுவலகத்துக்குள் வந்து, "புரோகிராம் எழுதுனவ எவடி?" என்றார். குவாக் டீம் லீடர் என்னைக் கைகாட்டினார். ஸ்பானரால் ஒரே போடு. தலையில் ஒன்பது தையல்.

உங்கள் புரோகிராம் வேலையை என்னிடம் ஒப்படைத்துப் போகும்போது என்ன சொன்னீர்கள்? "ஆயிரம் ஃபைல நோண்டாதடி. நான் தெறந்தத எல்லாம் புரோகிராம் எழுதுற டூலே குறிச்சு வச்சிருக்கு. சேமிச்சு உனக்குச் சேத்துவிட்டுட்டேன். அது மட்டுந்தான் உனக்குத் தெரியும், மத்தது மறைஞ்சிடும்." எனக்குத் தெரிந்தது பதினொரு கோப்புகள். ஒளித்திரைக் கோப்பு அதில் இல்லை. மூன்று நாள் சோறு தண்ணீர் இல்லாமல் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தானே? எப்படி விட்டுப்போயிற்று?

உங்கள் சொரா

சோல், மார்ச் 9

என் கண்ணு சொராவுக்கு,

உன் தலையில் அடி என்றதும் துடித்துப்போனேன். காயத்துக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன், இரண்டு வேளை தடவு. சாப்பிடாமல் கிடக்காதே.

நான் பார்த்ததை எல்லாம் உனக்குக் கொடுத்துவிட்டேன். ஒளித்திரையைத் திறந்ததாக நினைவில்லை. அடிபட்ட தலை, குழம்பியிருப்பாய். ஒன்று சொன்னால் கோபிக்காதே, மூத்தவள் கொடுத்ததோடு நிற்காமல் நீயும் கொஞ்சம் தேடியிருக்கலாம். புது வேலையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

அன்புடன்
அக்கா

சாங்வொன், மார்ச் 15

இன்சொன் அக்காவுக்கு,

களிம்பைக் குப்பையில் போட்டேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை.

சேமித்த ஒவ்வொன்றையும் சர்வர் தனித்தனியாக வைத்திருக்கும் என்பதை மறந்துவிட்டீர்கள். என் வழக்கறிஞர் கேட்டு வாங்கினார். நீங்கள் வேலையை விட்ட வாரம், வியாழன் மாலை சேமித்ததில் பன்னிரண்டு கோப்புகள். வெள்ளி காலையில் பதினொன்று. நடுவில் காணாமல் போனது ஒளித்திரை.

ஆனால் யார் எடுத்தது என்று அதில் இல்லை. செலவை மிச்சம்பிடிக்க நம் இருவரையும் ஒரே பெயரில் கணினிக்குள் நுழையவிட்டார்களே! "சொராவே எடுத்திருப்பா" என்கிறார் குவாக். அதைக் கேட்டதும் உங்கள் பழைய நாற்காலியைத் தூக்கி அவர் கண்ணாடிச் சுவரில் அடித்தேன். சில்லு பறந்து அவர் காது கிழிந்தது. எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

பான்சொக் அண்ணனின் கைகள் இரண்டையும் அறுத்தெடுத்துவிட்டார்கள். திங்களன்று என்னைக் கைது செய்வார்கள். நீங்கள் வாய் திறந்தால் நான் வெளியே இருப்பேன், இல்லையென்றால் உள்ளே. உங்களை நேரில் பார்த்தால் கழுத்தை நெரித்துவிடுவேன். மறைத்து எழுத எனக்கு வராது, அது உங்கள் கைவேலை.

சொரா

சாங்வொன், மார்ச் 21

சொராவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது.

ஞாயிறன்று ரயிலேறி நேரே மருத்துவமனைக்குப் போனேன். பான்சொக்கின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்ற பொறி தானாக இறங்குவது ஒளித்திரைக் கோப்பில் உள்ள பிழையால் என்று மூன்று நாள் பார்த்துக் கண்டுபிடித்து, குவாக்கிடம் சொன்னேன். "அந்த ஃபைலக் கழட்டிட்டுக் குடு. சொரா பாத்தா கேள்வி கேப்பா, ஏத்துமதி தள்ளிப்போயிடும்" என்றார் குவாக். இன்னும் ஒரு நாளில் போகப்போகிறவள், நமக்கென்ன என்று எடுத்துவிட்டேன். சொன்னது அவர், செய்த விரல் என்னுடையது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அவருக்குக் கை இருந்திருக்குமேடி!" என்று கட்டிலோரத்துக் கம்பியை உருவி அந்த அம்மா அடித்தார். தலையில் விழவேண்டியது, கையைத் தூக்கியதால் மணிக்கட்டில் விழுந்தது. அடுத்தது தோளில். "போதும், விடு, விடு" என்று அண்ணன் படுக்கையிலிருந்து கத்தினார். அவரால் வாயால்தான் தடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு நான் கையைத் தூக்கவில்லை.

அங்கிருந்து போலீசுக்குப் போனேன், என்னை உள்ளே வைத்துவிட்டார்கள். வாக்குமூலத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், எதையும் எடுத்துவிடவில்லை. உன்னைத் தேடி இனி யாரும் வரமாட்டார்கள்.

கழுத்தை நெரிக்க வேண்டுமென்றால் வா. புதன்கிழமை பார்க்க விடுகிறார்கள். நடுவில் கண்ணாடி இருக்கும்.

இன்சொன்