படத்தைக் காட்டிப் பெயர் கேட்டபோது

இன்று காலை அலுமாரியில் உம்முடைய சேலைகளுக்குப் பூச்சி உருண்டை வைக்கப் போனேன். இரண்டு சேலைகளுக்கு நடுவிலிருந்து உம்முடைய மூளைப் படம் வழுக்கி விழுந்தது. பேச்சுப் போய்வரும் நரம்புப் பாதைகளுக்குப் பச்சையும் சிவப்புமாய் நிறம் கொடுத்த ஸ்கான் படம். கொழும்பு ஆஸ்பத்திரியில் அதை முதலில் பார்த்தபோது, "இஞ்சாருங்கோ, கூறைச் சேலைக் கரை மாதிரியெல்லே கிடக்கு" என்று சிரித்தீர். அந்தப் பாதைகளை ஒட்டித்தான் கட்டி இருந்தது.

கட்டியை எடுக்கும்போது நீர் விழித்திருந்து, காட்டும் படங்களுக்குப் பெயர் சொல்ல வேண்டும் என்றார்கள். மூளையில் மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்ப்பார்களாம். எந்த இடத்தில் வைக்கப் பேச்சுத் தடுமாறுகிறதோ, அந்த இடத்தில் கத்தி வைக்கமாட்டார்களாம். அப்படி விட்டால் கட்டியில் ஒரு பங்கு உள்ளே தங்கிவிடும். தவறி வெட்டினால் பேச்சே போய்விடும். "கதைக்க ஏலாட்டி நான் என்னத்துக்கு?" என்று கேட்டீர். எங்கள் ஊர் மடத்துவெளி முழுக்கத் தெரிந்த வாய் அல்லவா அது!

பரிசோதனை செய்யும் பிள்ளை முதல்நாள் ஒத்திகை பார்த்தாள். ஆடு, வள்ளம், கதிரை எல்லாம் கடகடவென்று சொன்னீர். வீட்டுக்காரரின் படமும் வேண்டும் என்று என் படத்தையும் கேட்டு வாங்கியிருந்தார்கள். அது வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டீர். பிள்ளை பயந்துபோனாள். "பேச்சு நிக்கேல்லைப் பிள்ளை. எங்கட பக்கத்துப் பெண்டுகள் கட்டின மனுசன்ர பேர் சொல்லமாட்டினம்" என்று நான்தான் விளங்கப்படுத்தினேன். தபால்காரர் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லவைக்கிற ஆள் நீர். கடைசியில் "என்ர மனுசன்" என்பதே சரியான விடை என்று முடிவாயிற்று.

மறுநாள் சத்திரசிகிச்சை நடக்கும்போது நான் வெளியே இருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பிள்ளை ஓடிவந்தாள்.

"ஐயா, உங்கட படத்தைக் காட்ட அம்மா வேற ஒரு பேர் சொல்லுறா. பேச்சுக் குழம்பிட்டுதோ எண்டு டொக்டர் நிப்பாட்டி வைச்சிருக்கிறார்."

நீர் சொன்ன பெயரையும் சொன்னாள். அது என் பெயர்.

தலையை ஆட்டினேன். "ஓம் பிள்ளை, ஓம். அது என்ர பேர்தான்" என்றேன். அவள் வந்த வேகத்திலேயே உள்ளே போனாள். பேச்சுக் குழம்பவில்லை என்று தெரிந்து, அந்த இடத்துக் கட்டியையும் எடுத்தார்கள்.

நீர் தேறியதும், ஏன் சொன்னீர் என்று கேட்டேன்.

"பேச்சுப் போனாலும் போகும் எண்டு சொல்லிச்சினம். போக முன்னம் ஒருக்காச் சொல்லிப் பாப்பம் எண்டுதான். இனிக் கேளாதேங்கோ."

முகத்தைத் திருப்பிக்கொண்டீர். பேச்சுப் போகவில்லை. கட்டி திரும்ப வரும்வரை ஊரோடு கதைத்தீர், சாட்டிக் கடற்கரையில் அலையோடுகூடக் கதைத்தீர், என்னை மட்டும் பழையபடி "இஞ்சாருங்கோ" என்றீர். இன்னொருக்காச் சொல்லும் என்று கேட்க எனக்கும் வெட்கம்.

நீர் என் பெயர் சொன்னதை யார் யாரோ காதால் கேட்டார்கள், நான் மட்டும் கேட்கவில்லை. நீர் போய்ச் சேர்ந்த பிறகும் அதில் எனக்குக் கோபம்தான். சந்தியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. காது மந்தம் என்று நினைக்கிறார்கள். நீர் சொன்னால் அது எப்படி இருக்கும் என்று மனதுக்குள் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன்.