நிறைவு விழாவுக்கு ஒரு ஒப்பாரி

செப்ரெம்பர் 6, சனி

விடியவே வெயில். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. சோளகக் காற்று, முற்றமெல்லாம் புழுதி. கூட்டிக் கூட்டிக் கை விட்டுப்போச்சு.

பின்னேரம் றீற்றா அக்கா வீட்டில் வட்டம், காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் கூடுவது. அதை நடத்துகிற நிறுவனத்தின் இணைப்பாளர் வித்தியா வந்தாள், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முகம் சரியில்லை. தேத்தண்ணி குடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"அக்காக்கள், வட்டம் இந்த மாதத்தோட முடியுது. அடுத்த வருசம் வேற மாவட்டமாம். இருபதாம் திகதி நிறைவு விழா. கொழும்பில இருந்தும் வெளிநாட்டில இருந்தும் ஆக்கள் வருகினம்."

றீற்றா அக்கா கேட்டா: "அப்ப எங்களுக்குச் சுகமாயிட்டுதாமோ?"

வித்தியா கோப்பைகளை அடுக்கினாள். பிறகு என்னிடம் தனியாக: "செல்வராணி அக்கா, விழாவில நீங்கள் ஒப்பாரி பாடவேணும். உங்கட அவருக்கு."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. எழும்பி வந்துவிட்டேன்.

வாங்க: தேங்காய், சவர்க்காரம், கோழித்தீன். மகள் துளசியின் போனுக்கு ரீலோட்.

செப்ரெம்பர் 7, ஞாயிறு

இரவு முழுக்க அதே யோசனை. இன்றைக்கும் ஆறவில்லை.

இந்தப் பக்கத்தில் செத்தவீடு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எத்தனை பேருக்குப் பாடியிருப்பேன். பாடி முடித்து வந்து, துடக்குக் கழியக் கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பேன். அவருக்கு மட்டும் பாடினதில்லை. பாடினால் செத்துவிட்டார் என்று நானே சொன்னது மாதிரி. சண்டை முடிந்தபோது ஆமி பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனதைத்தான் நான் கண்டது. அவரைப் பிணமாகக் கண்டதில்லை. பொட்டு வைக்கிறேன், பூ வைக்கிறேன். ஊர் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும்.

றீற்றா அக்காவும் அப்படித்தான். நவம்பரில் சேமக்காலைக்குப் போய்த் தாய் தகப்பன் எல்லாருடைய கல்லறையிலும் மெழுகுதிரி கொளுத்துவா. காணாமல் போன மகனுக்கு மட்டும் கொளுத்தமாட்டா.

இதெல்லாம் வித்தியாவுக்குத் தெரியாததா? முதல் வருசமே சொன்னோம். எங்களோடு பாயில் இருந்து, மூக்கைச் சீறிச் சீறி அழுதுகொண்டு கேட்டவள்.

மத்தியானம் துளசி போனில் எடுத்தாள். வவுனியாக் கம்பஸில் சாப்பாடு சரியில்லையாம். தகப்பன் போகும்போது அவளுக்கு நாலு வயசு. இப்போது என்னை "நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று அதட்டுகிறாள்.

செப்ரெம்பர் 13, சனி

அடைக்கோழி ஒன்று வட்டம் தந்த துணிப்பைக்குள் ஏறிப் படுத்திருக்கிறது. அதற்காவது ஆறுதல்.

முந்தி வட்டம் என்று பெயரே இல்லை. றீற்றா அக்காவின் குசினிக்குப் பின்னால் பாயை விரித்து இருப்போம். அவா கிழிந்த வலையைப் பொத்துவா, நான் வெங்காயம் உரிப்பேன். யாராவது அழுவார்கள், யாராவது அரசாங்கத்தைத் திட்டுவார்கள், பிறகு ஒரு பகிடி, தேத்தண்ணி. வித்தியா வந்தபோதும் முதலில் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் வருசம் பெயர் வந்தது: ஆக்கமும் ஆறுதலும் தோழமை வட்டம். பெனர் வந்தது. பாய் போய்க் கதிரை வந்தது. நாங்கள் "தோழமையர்" ஆனோம். வளவாளர் என்று ஒருவர் பயிற்சி தர வந்து, கலர்ப் பென்சில்களை நீட்டி, உங்கள் துக்கத்துக்கு என்ன நிறம், கீறுங்கோ என்றார். றீற்றா அக்கா தாளில் ஒரு பாரை மீனைக் கீறிவிட்டு எழும்பிப் போனா.

இன்றைக்கு ஒத்திகை. வித்தியா தயங்கித் தயங்கி: "அக்கா, வெள்ளைச் சேலை ஒண்டு கட்டுவீங்களோ? மேடையில எடுப்பாய் இருக்கும்."

"என்ர மனுசனுக்கு நீ செத்தவீடு செய்யிறியோ பிள்ளை?"

அழத் தொடங்கிவிட்டாள். "நான் என்ன செய்ய அக்கா? நிகழ்ச்சி நிரலில அடிச்சாச்சு. மேலிடத்தில எல்லாரும் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்."

பாவமாகவும் இருந்தது, அறையவேண்டும் போலவும் இருந்தது. "சரி, ஒப்பாரிதானே வேணும்? பாடுறன்" என்றேன். றீற்றா அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

செப்ரெம்பர் 19, வெள்ளி

இடியப்பம் பிழியப் பிழிய வரி வருகிறது. ஒப்பாரி செத்ததற்குத்தானே? செத்தது வட்டம். அதற்கே பாடிவிடுகிறேன். றீற்றா அக்காவுக்கு மட்டும் சொன்னேன். "ஐயோ, அடி பாவி" என்று விழுந்து விழுந்து சிரித்தா.

துளசிக்குச் சொல்லவில்லை. லீவில் வரட்டும், பாடிக் காட்டிச் சிரிக்கலாம்.

நாளைக்குச் சிவப்புக்கரைச் சேலை. பொட்டு, பெரிதாக.

செப்ரெம்பர் 20, சனி

மண்டபம். காற்றாடி எல்லாம் மேடைப்பக்கம். எங்களுக்கு வேர்வை.

பாடினேன். மார்பில் அடித்து, நல்லா இழுத்து:

பாயில இருந்த எங்களை – என்ர வட்டமே
கதிரையில ஏத்தினியே
கதிரையில ஏத்தி வைச்சு
கதையெல்லாம் பறிச்சியே
மூண்டு வயசாகேல்லை – உனக்கு
மூச்சு நிண்டு போச்சே
பெனரைச் சுருட்டிக்கொண்டு
பிறவூரு போறியே

எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு பார்த்தால் எல்லாரும் அழுகிறார்கள். நானும்தான். அந்தப் பாய் உண்மையில் எங்களுக்குத் தேவையாய் இருந்தது.

முன்வரிசையில் வெள்ளைக்கார மனுசி ஒன்று தேம்பித் தேம்பி அழுதது. வித்தியாவிடம் என்னவோ கேட்டது. வித்தியா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் வராது. "ஹஸ்பண்ட்" என்ற சொல் வரும். மனுசி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தது. எல்லாப் பக்கமும் போன், கமரா.

கையலம்புகிற இடத்தில் வித்தியாவைப் பிடித்தேன். "என்னடி சொன்னனீ?"

"வேற என்னத்தைச் சொல்ல அக்கா? உங்கட அவரை நினைச்சு அழுவினம். வட்டத்துக்கு ஆர் அழப்போகினம்?"

சோற்றுப் பார்சலை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பழக்கத்தில் நேரே கிணற்றடிக்குப் போய் வாளியையும் எடுத்துவிட்டேன். ஒருத்தரும் சாகவில்லையே என்று கால் மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

செப்ரெம்பர் 23, செவ்வாய்

மழை இருட்டு. பெய்யவில்லை. தேங்காய் வாங்க மறந்துபோச்சு.

றீற்றா அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா. நான் பாடினதைப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். என் குரலுக்கு மேலே வயலின். ஒரு வரி விளங்காது. வாய் அசைகிறது, கை மார்பில் அடிக்கிறது, அவ்வளவுதான். படம் கறுப்பு வெள்ளை. சிவப்புக்கரையும் இல்லை, பொட்டும் இல்லை. கீழே எழுத்து: கணவனின் இறப்பை ஏற்று ஆறுதலடைந்த பெண்.

நாசமாய்ப் போவார். என்னைக் கேட்டார்களா? வித்தியா போன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன்.

பின்னேரம் துளசி எடுத்தாள்.

"அம்மா, அப்பாவைப் பற்றி ஏதும் அறிஞ்சனீங்களோ?"

"இல்லையம்மா, ஒண்டும் இல்லை."

"பின்னை ஏன் பாடினனீங்கள்?"

சொன்னேன். அது வட்டத்துக்குப் பாடினது, கோபத்தில் பாடினது என்று எல்லாம் சொன்னேன். கதிரை வரியைப் பாடியும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"பொட்டு?"

"வைச்சிருந்தனான் பிள்ளை. சிவப்பு. இப்பவும் வைச்சிருக்கிறன்."

"வீடியோவில தெரியேல்லை அம்மா." மூக்கை உறிஞ்சினாள். "ஹொஸ்டல் பிள்ளையள் எல்லாரும் வந்து கட்டிப்பிடிச்சு அழுதவையள். உங்களுக்கு எடுக்கப் பயமாயிருந்தது. நான் காலமையே தலையில தண்ணி வாத்திட்டன்."