பிரிச்சுவிட்ட தையல்

அக்காவுக்கு,

உன் ரவிக்கை மூணும் இந்தப் பையிலதான் இருக்கு. போன்ல சொன்னா நீ என்னைப் பேசவே விடமாட்ட, அதான் எழுதி உள்ள வச்சிருக்கேன்.

நீ விக்கிற அந்த இளைக்கிற மாவுத் திட்டத்துல நான் சேரலக்கா. கோவப்படாத. உங்க மீட்டிங்ல பேசுன பொண்ணுகிட்ட, ரத்தத்துல சர்க்கரை இருக்கு, இனிப்புநீர் மருந்து சாப்பிடுறேன், இதைக் குடிக்கலாமான்னு கேட்டேன். "ஒண்ணும் ஆகாது லா"ன்னா. என்ன மருந்துன்னுகூட கேக்கல. மாவை நிறுத்துனா பிறகு என்ன சாப்பிடணும்னேன். "ஏன் நிறுத்தணும்?"னு சிரிச்சா.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

அரசாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அங்க நர்ஸ் மிஸ்ஸி என் மருந்தைப் பார்த்துட்டுத்தான் வாயே திறந்தாங்க. சோறு வேணாம்னு சொல்லல, பாதியாக்கச் சொன்னாங்க. மெதுவாத்தான் குறையுமாம். குறையட்டும். காலையில பாடாங் திடல்ல நடக்குறேன். முட்டி வலிக்குது, ஆனா மனசு லேசா இருக்கு.

தீபாவளிக்கு இந்த ரவிக்கைகளைப் புடிச்சுச் சின்னதாக்கித் தரச் சொன்ன. இப்ப அதே தையலைப் பிரிச்சுவிடச் சொல்லி அனுப்பியிருக்க. காரணம் நீ சொல்லல, நானும் கேக்கல. உன் ரவிக்கையில உள்பக்க மடிப்புத் துணியை நான் எப்பவும் வெட்டுறதில்ல, பிரிச்சுவிடத் தாராளமா இருக்கு. உங்க மாவு போஸ்டர்ல நீ இளைச்சு நிக்கிற படம் அப்படியே இருக்கட்டும், நான் யார்கிட்டயும் வாய் திறக்கமாட்டேன்.

சனிக்கிழமை கோலா கங்சார்லேருந்து பஸ் ஏறி ஈப்போவுக்கு வா. சேர்ந்து நடப்போம். பிறகு தோசை சாப்பிடுவோம்.

வயித்த எக்கிக்கிட்டு வராத. என் பக்கத்துல நீ நல்லா மூச்சு விடலாம்.

உன் அளவு தெரிஞ்ச
தங்கச்சி