ஹம்சினி எடுத்து வைத்த பங்கு

நோட்டன் பிரிட்ஜ்
04.03.2025, செவ்வாய்

அன்பு மகள் வினோதாவுக்கு அப்பா சிவசாமி எழுதுவது. இங்கே நானும் உன் மகள் ஹம்சினியும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்தைத்தான் பத்தொன்பது நாளாக யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை உன் போன் வரவில்லை, நான் எடுத்தாலும் ஓஃப். உன்னை அனுப்பிய ஹட்டன் ஏஜென்சியில் போய் நின்றால் போன் பழுதாகியிருக்கும், பொறுங்க ஐயா என்கிறார்கள். மேல் லயத்து ராக்காயி லீவு முடிந்து இந்த வெள்ளிக்கிழமை நீ இருக்கிற குவைத்துக்குத் திரும்புகிறாள், எப்படியாவது உன் கையில் சேர்க்கிறேன் என்று சத்தியம் செய்ததால் எழுதுகிறேன்.

பிள்ளை விஷயத்தை உன்னிடம் மறைத்தேன், திட்டாதே. பொங்கல் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து அவள் சோறு தின்னவில்லை. பருப்பு வேண்டாம், முட்டை வேண்டாம், பாண் துண்டும் பால் விடாத வெறும் சாயத்தண்ணியும்தான். அதிலும் பாதியைப் பிய்த்து எதிரே இன்னொரு தட்டில் வைப்பாள், மிச்சத்தைப் பேப்பரில் சுற்றித் தலையணைக்கு அடியில் ஒளிப்பாள். வாயில் வைக்கும் முன்னால் கதவைப் பார்ப்பாள். முப்பது வருஷமாகக் கினிகத்தேனைக் கடையில் ஊருக்கே ரொட்டி போட்டுத் தருகிறவன் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை பட்டினியா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன மாதம் பதினோராம் தேதி, அவளைப் பகலில் விடுகிற பிள்ளைக் காம்பராவுக்கு மிட்வைஃப் அனோஜா மிஸ் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தார். சாப்பாட்டுக்கு அடம் பிடிக்கிற சின்னப் பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கவாம், கேள்வி கேட்டு மார்க் போடுவார்கள். எத்தனை வகை தின்கிறாள், எவ்வளவு நேரம், புதுச் சாப்பாட்டைக் கண்டால் அழுகிறாளா, இப்படி இருபது கேள்வி. நான் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டபோதுதான் நாளை எண்ணிப் பார்த்தேன். பொங்கலன்று நீ போனில், மேடத்தின் தங்கச்சி வீட்டுக்கு என்னை மாத்திட்டாங்கப்பா, இங்கயும் கோழியும் சோறுந்தான் என்று சொன்னாயே, அதற்கு மூன்றாம் நாள். மிஸ் பிள்ளையிடமே ஏன்மா சாப்பிடல என்று கேட்டார். அம்மாவுக்கு இன்னும் போடல, கதவப் பூட்டிட்டாங்க என்றாள். தாய் ஏக்கம் என்று மிஸ் எழுதிக்கொண்டார், மார்க் ரொம்ப மோசம், கிளினிக்குக்குக் கூட்டிவரச் சொன்னார்.

அன்றைக்குச் சாயந்தரம் ராக்காயி வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பாணைப் பிய்த்துச் சாயத்தண்ணியில் தோய்ப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். குவைத்துல முதல்ல நின்ன வீட்டுல சாப்பாடு குடுக்காமக் குசினியப் பூட்டிப் போட்டப்ப நான் இப்படித்தாண்ணே தின்னேன், இத இவளுக்கு யாரு காட்டிக் குடுத்தா என்று கேட்டாள். யார் காட்டிக் கொடுத்தது மகளே? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இனி நான் செய்ததைக் கேள். எதிரே ஆளில்லாமல் தட்டு வைத்துப் படைப்பது யாருக்கு என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவின் திவசத்துக்கு இலை போடுகிறோமே, அந்த நினைப்புத்தான் எனக்கு வந்தது. உயிரோடு இருக்கிறவளுக்குப் படைக்கிறியாடி என்று பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை அந்தத் தட்டைப் பிடுங்கி மேலே பரணில் போட்டேன். பிள்ளை அழவில்லை. தன் பாணை முழுசாகத் தின்றாள். மறுநாள் வெள்ளி, உன் போன் வரவில்லை.

அதிலிருந்து அவள் நன்றாகத் தின்கிறாள். சோறு, மீன், கீரை, எது போட்டாலும் தின்கிறாள். இன்று காலையில் மிஸ் வந்து நிறுத்துப் பார்த்தார், முழுசாக ஒரு கிலோ கூடியிருக்கிறது. மறுபடி அதே இருபது கேள்வி, ஒன்றிலும் குறை இல்லை. கெட்டிக்காரத் தாத்தா என்று எல்லார் முன்னாலும் சொன்னார், காம்பராவில் கைதட்டினார்கள். எனக்குத்தான் இத்தனை நாளாகச் சோறு இறங்கவில்லை.

மனசு கேட்காமல் இன்று மத்தியானம் அந்தத் தட்டை நானே எடுத்துக் கழுவி அவள் முன்னால் வைத்தேன். சாமி, தாத்தா தெரியாமச் செஞ்சிட்டேன், அம்மாவுக்குப் பாதி எடுத்து வைம்மா என்று கெஞ்சினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, வேணாந் தாத்தா, அம்மாவுக்கு இனிமே பசிக்காது என்று சொல்லிவிட்டு இன்னொரு முட்டை கேட்டாள்.

கொழும்பில் இருக்கிற மாப்பிள்ளைக்கு இதெல்லாம் சொல்லவில்லை. நாளைக்கு அங்கே போய் அவரையும் கூட்டிக்கொண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். நீ அந்த வீட்டில் இருக்க வேண்டாம், போட்ட உடுப்போடு ராக்காயி கூட வெளியே வந்துவிடு, மானம் போகிறதே என்று நினைக்காதே. நீ தீர்க்காயுசாக, பிள்ளையும் நீயுமாக நூறு வருஷம் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதம். பதில் எழுத வழி இல்லாவிட்டால் மறக்காமல் ராக்காயியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. பசிக்குதுப்பா என்று மட்டும் சொல்லு, எனக்கு அது போதும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா,
ப. சிவசாமி