மறைத்து வைத்த புண்கள்

1998 பெப்ரவரி 9
இடது கையில் இரண்டு கட்டிகள் உடைந்து சீழ் வடிகிறது. போன மாதம் தொடையில் வந்தது, ஒருவருக்கும் தெரியாமல் ஆறியது. கையில் வந்ததை எப்படி மறைப்பது? கொள்ளுப்பிட்டிக் கடையில் என் வேலையே சேலையை என் தோளில் போட்டுக் காட்டுவதுதான். இன்று ஒரு அம்மா நான் போட்ட சேலையைத் தொடவில்லை. "இதே கலர்ல வேற ஒண்டு எடுங்கோ" என்றார்.

பெப்ரவரி 10
காலையும் பின்னேரமும் குளிக்கிறேன், சவர்க்காரம் எரிய எரிய. கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

பெப்ரவரி 13
முதலாளி என்னைப் பின்னறையில் சேலை மடிக்க அனுப்பிவிட்டார். காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கணவர் சிறிலிடம் கையைக் காட்டினேன். அவர் வேலை செய்யும் துறைமுகத்திலேயே குளித்துவிட்டு வருகிறவர். உடம்பில் ஒரு பரு இல்லை. "எங்கயிருந்து பிடிச்சுக்கொண்டு வந்தனீர்?" என்றார். தலையணையை எடுத்துக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டார்.
கல்யாணம் கட்டி ஒன்பது வருஷம். என்ன நினைக்கிறார் என்னைப் பற்றி? கேட்கப் பயமாக இருக்கு.

பெப்ரவரி 17
கீழ்வீட்டு நளீபா இப்போது தேத்தண்ணி குடிக்க வருவதில்லை. இன்று படியில் என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. பெரிய சுத்தக்காரி! இருக்கட்டும்.

பெப்ரவரி 21
கொட்டாஞ்சேனை டாக்டரிடம் போனால் கோயிற் சனம் காணும் என்று மருதானைக்குப் போனேன். நோயாளர் காத்திருக்கும் வாங்கில் நளீபா இருந்தாள். திரும்பி ஓடப் பார்த்தேன், அவளும் எழும்பிவிட்டாள்.
"ஒங்களுக்கும் புண் ஈக்கா?" என்றாள்.
ஓம் என்றேன். முக்காட்டை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். என்னுடையதைவிட மோசம்.
"ஒங்களுக்குத் தொத்திரும்னு பயந்துதான் வராம ஈந்த."
நான் அவளைப் பற்றி நினைத்ததெல்லாம் — எழுதிய பக்கத்தைப் பார்க்கவே கூசுகிறது.
உள்ளே இருவரும் ஒன்றாகவே போனோம். ஒரே மாடிக் கட்டடத்தில் இருக்கிறோம் என்றதும் டாக்டர் கேட்டார்: "குளிக்கிறது எந்தத் தண்ணியில?"
குடிக்க வீதிக் குழாய்த் தண்ணீர். குளிக்க மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி. எல்லா வீட்டுக்கும் அந்த ஒன்றுதான்.

பெப்ரவரி 22
சிறில் ஏறிப் பார்த்தார். தாங்கி மூடி உடைந்து, உள்ளே அழுகிய புறாவும் கறுத்த சேறும். இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டே நின்றார். "நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."
துவாயைக் கதிரையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பெப்ரவரி 25
தாங்கி கழுவியாயிற்று. புது மூடி.

மார்ச் 8
புண்கள் காய்ந்து தழும்பாகிவிட்டன. மற்ற வீட்டுக்காரரையும் மருந்து எடுக்கச் சொல்லும்படி டாக்டர் சொன்னதால் நானும் நளீபாவும் கதவு கதவாகப் போனோம். புண் இருக்கா என்று கேட்டால், ஒவ்வொரு வீட்டிலும் முதலில் இல்லை, பிறகு ஓம்.
மேல்வீட்டு மாக்ரெட் அக்கா மட்டும் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கதைத்தார். "எங்கட வீட்டில ஒருத்தருக்கும் இல்லை. நாங்க துப்புரவான ஆக்கள்." பின்னால் அவருடைய மகள் காலை இழுத்து இழுத்து நடந்தாள்.
நளீபா என்னைப் பார்த்தாள். இடுக்கு வழியே தழும்பைக் காட்டினேன். "என்ர மனுசனே என்னோட படுக்கேல்ல, அக்கா."
அக்கா தழும்பைப் பார்த்தார். பிறகு சங்கிலி கழன்றது.
"உள்ளுக்கு வாங்கோ. பிள்ளைக்கு முன்னால சத்தமாக் கதைக்க வேண்டாம்."